வெண்கலத்தில் ஒரு வச்சிராயுதம்

போர்க்கள வீரத்துக்கு நம் நாடு தரும் விருதுகளில் மூன்றாவதான வீர் சக்ரா வெள்ளி. இரண்டாவதான மகாவீர் சக்ராவும் வெள்ளி. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் பரம்வீர் சக்ராவோ வெறும் வெண்கலம். பிரிட்டிஷாரின் விக்டோரியா கிராஸும் வெண்கலம்தான் என்பது உண்மை. ஆனாலும் பரம்வீர் சக்ராவின் மேல் செதுக்கியிருக்கும் கதைக்கு, பளபளக்கிற எந்த உலோகமும் பொருந்தியிருக்காது.

குறுக்களவு 35 மில்லிமீட்டர்தான், உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். நடுவே சற்று மேடான வட்டத்தில் அசோகச் சிங்கங்கள், சுற்றிலும் நான்கு வச்சிராயுதங்கள். அவ்வளவே. விருதின் பெயர்கூட முன்பக்கத்தில் இல்லை. பின்பக்கம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெயர், இடையில் இரண்டு தாமரைகள். அந்தப் பக்கம் எனக்கு அத்தனை ருசிக்கவில்லை; யார் வரைந்தாலும் அப்படித்தான் வரைந்திருப்பார்கள். நாடாவோ அருமை. மற்ற இரண்டுக்கும் இரட்டை நிறம். இதற்கு ஒரு கோடுகூட இல்லாத ஒரே ஊதா.

வச்சிராயுதம் எதனால் ஆனது என்பது நமக்குத் தெரிந்த கதை. விருத்திராசுரனை வெல்ல ஆயுதம் வேண்டி இந்திரன் வந்து நின்றபோது, ததீசி முனிவர் உயிரை விட்டுத் தன் எலும்பையே கொடுத்தார். படைவீரனுக்குரிய விருதில் வென்றவனின் சின்னத்தை வைக்காமல் கொடுத்தவரின் எலும்பை வைக்க யாருக்குத் தோன்றும்?

தோன்றியது சாவித்ரி கானோல்கருக்கு. 1913இல் சுவிட்சர்லாந்தில் ஈவ் என்ற பெயரில் பிறந்து, விக்ரம் கானோல்கர் என்ற ராணுவ அதிகாரியை மணந்து, சமஸ்கிருதமும் புராணங்களும் ஊன்றிப் படித்தவர். மேஜர் ஜெனரல் ஹீராலால் அட்டல் பதக்கத்தை வடிவமைக்கும் வேலையை அவரிடம் ஒப்படைத்தார். 1950 ஜனவரி 26இல் விருது நடைமுறைக்கு வந்தது. 1947 ஆகஸ்ட் 15 முதலான வீரச்செயல்களுக்கும் அது பொருந்தும் என்றார்கள்.

அப்படித்தான் முதல் பதக்கம் மேஜர் சோம்நாத் சர்மாவுக்குப் போனது. குமாவுன் படைப்பிரிவின் 4ஆவது பட்டாலியன், வயது 24. ஹாக்கி ஆட்டத்தில் முறிந்த இடது கை மாவுக்கட்டில் இருக்க, பிடிவாதமாகத் தன் கம்பெனியோடு காஷ்மீருக்கு விமானம் ஏறினார். 1947 நவம்பர் 3, ஸ்ரீநகர் விமானதளத்தை நெருங்கவிடக்கூடாத எதிரி பட்காமில் பல மடங்கு ஆள்பலத்தோடு சூழ்ந்துகொண்டான். குண்டுமழைக்கு நடுவே திறந்தவெளியில் துணிகளை விரித்து, நம் விமானங்களுக்கு இலக்கைக் காட்டினார் சர்மா. ஆட்கள் விழ விழ, இயந்திரத் துப்பாக்கிகளுக்குத் தோட்டா நிரப்பும் வேலையை அந்த மாவுக்கட்டுக் கையோடு தானே செய்தார். பக்கத்தில் இருந்த வெடிமருந்தின் மேல் ஒரு மோர்ட்டார் குண்டு விழுந்தது. தளம் கைவிட்டுப் போகவில்லை.

இதில் ஒரு உறவும் உண்டு. சாவித்ரியின் மகள் குமுதினி வாழ்க்கைப்பட்டது சர்மாவின் தம்பிக்கு. இதுவரை பரம்வீர் சக்ரா பெற்றவர்கள் 21 பேர். அவர்களில் 14 பேருக்கு அது மரணத்துக்குப் பிறகே கிடைத்தது.