தக்காளியும் பென்சனும்: 'இன்டிஜேன்' திரைப்படத்தை முன்வைத்து

படம் முடிந்து கடைசி எழுத்துகள் திரையில் வந்தபோது பக்கத்தில் இருந்த மாமா கேட்டார்: "ஏன் மகன், உயிரக் குடுக்கக்குள்ள பிரான்ஸ்காரன், பென்சன் எடுக்கக்குள்ள மட்டும் அரபிக்காரனா?"

மாமா ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர். பென்சன் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். இரண்டு மணித்தியாலம் ஓடிய யுத்தப் படத்தை ஒரே கேள்விக்குள் அடக்கிவிட்டார். இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு எழுதப்பட்டதுதான்.

றஷீத் பூஷாரெப் இயக்கிய 'இன்டிஜேன்' 2006 இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் 'டேய்ஸ் ஒஃப் குளோரி' என்று பெயர். அவ்வருடம் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான விருதை இதன் ஐந்து நடிகர்களும் பகிர்ந்துகொண்டார்கள். 'இன்டிஜேன்' என்றால் 'சுதேசிகள்'. நாம் 'சுதேசி' என்று சொல்லும்போது வருகிற பெருமை அந்தச் சொல்லில் இல்லை. அல்ஜீரியாவில் முஸ்லிம்களுக்கென்று தனியான தண்டனைச் சட்டக்கோவை ஒன்றைப் பிரான்ஸ் 1881 முதல் வைத்திருந்தது. அந்தச் சட்டத்தின் பெயரில் இருப்பதும் இதே சொல்தான்.

கதை 1943 இல் தொடங்குகிறது. ஜேர்மனியிடமிருந்து பிரான்சை மீட்க அல்ஜீரியாவிலும் மொரோக்கோவிலும் ஆள் சேர்க்கிறார்கள். உம்மா தடுத்தும் கேளாமல் போகிறான் ஸயீத். காசுக்காகச் சேர்கிறான் யாஸிர். குறி தவறாமல் சுடுபவன் மஸ்ஊத். படித்தவன், சமத்துவம் என்ற சொல்லை முழுதாக நம்பியவன் அப்துல் காதிர். இத்தாலி, புரொவொன்ஸ், வோஷ் மலை, அல்ஸாஸ் என்று அவர்களின் பாதை நீள்கிறது.

படத்தில் என்னை நிறுத்தி வைத்தது ஒரு தக்காளிப் பெட்டி. பிரான்சுக்குப் போகும் கப்பலில் சாப்பாட்டு வரிசை. வெள்ளை வீரர்களுக்குத் தக்காளி உண்டு, ஆபிரிக்கர்களுக்கு இல்லை. அப்துல் காதிர் பெட்டியைக் கீழே போட்டு மிதிக்கிறான். எல்லாருக்கும் உண்டு, இல்லையென்றால் யாருக்கும் இல்லை. அதற்குப் பிறகு தக்காளி எல்லாருக்கும் கிடைக்கிறது. ஆனால் லீவு கிடைப்பதில்லை, பதவி உயர்வு கிடைப்பதில்லை. மஸ்ஊத் மார்செய் நகரத்துப் பெண்ணுக்கு எழுதிய கடிதங்கள் தணிக்கை மேசையைத் தாண்டுவதுமில்லை. சின்ன விஷயத்தில் விட்டுக்கொடுத்துப் பெரிய விஷயத்தைக் கையில் வைத்திருப்பது அதிகாரத்தின் பழைய வித்தை. பூஷாரெப் இதைப் பிரசங்கம் பண்ணாமல் காட்டுகிறார்.

சார்ஜன்ட் மார்ட்டினெஸின் பாத்திரமும் அப்படித்தான். அவனுடைய தாய் ஓர் அரபுப் பெண். அவளுடைய படத்தை ஒளித்து வைத்திருக்கிறான். அது ஸயீதின் கண்ணில் பட்டதும் அவனை மிரட்டுகிறான். குடியேற்றவாதம் ஒரு மனிதனைத் தன் சொந்த உம்மாவை ஒளிக்க வைக்கிறது என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

கடைசியில் ஓர் அல்ஸாஸ் கிராமத்தைக் காத்து எல்லாரும் மௌத்தாகிறார்கள். அப்துல் காதிர் மட்டும் மிஞ்சுகிறான். பின்னால் வந்து சேர்ந்த வெள்ளை வீரர்களைக் கிராமத்தவர்களோடு நிறுத்திப் புகைப்படம் எடுக்கிறார்கள். படத்துக்குள் அவன் இல்லை. இது வெறும் சினிமாக் கற்பனை அல்ல. 1944 இன் இறுதியில் கறுப்பின வீரர்களைப் படையிலிருந்து விலக்கி, அவர்களின் உடுப்பைக்கூடக் கழற்றி வெள்ளை இளைஞர்களுக்குக் கொடுத்தார்கள். குளிர் என்று காரணம் சொன்னார்கள். வெற்றியின் புகைப்படம் வெள்ளையாக இருக்கவேண்டும் என்பதும் அதற்குள் இருந்தது. அதே வருடம் டிசம்பர் 1 ஆம் திகதி, செனகலின் தியாரோய் முகாமில், சம்பளப் பாக்கியைக் கேட்ட ஆபிரிக்க வீரர்களைப் பிரெஞ்சு இராணுவமே சுட்டுக் கொன்றது. 1945 மே 8 ஆம் திகதி பாரிஸ் வெற்றி விழா கொண்டாடியபோது, அல்ஜீரியாவின் ஸெத்தீஃபில் சுதந்திரக் கொடி பிடித்தவர்கள் மீது சூடு விழுந்தது. அதைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள்.

இனி மாமாவின் கேள்விக்கு வருவோம்.

மனித உரிமைகளுக்கான உலகப் பிரகடனம் 1948 டிசம்பர் 10 ஆம் திகதி பாரிஸ் நகரில் நிறைவேறியது. அதை வரைந்தவர்களில் ஒருவர் ரெனே கஸன். 1914 இல் முதலாம் உலக யுத்தத்தில் வயிற்றில் காயப்பட்டவர். யுத்தம் முடிந்ததும் காயப்பட்ட வீரர்களைச் சங்கமாகத் திரட்டியவர். அவர்களுக்குக் கிடைப்பது தர்மம் அல்ல, உரிமை என்பது அவருடைய நிலைப்பாடு. 1919 மார்ச் 31 ஆம் திகதிச் சட்டம் அதை ஏற்றுக்கொண்டது. ஆக, பிரான்சில் மனித உரிமைச் சிந்தனை தத்துவ நூல்களிலிருந்து மட்டும் வந்ததல்ல. ஊனமுற்ற சிப்பாயின் பென்சன் புத்தகத்திலிருந்தும் வந்தது.

அதே அரசு, அல்ஜீரிய யுத்தம் நடந்துகொண்டிருந்த 1959 டிசம்பரில், சுதந்திரம் பெற்ற குடியேற்ற நாடுகளின் முன்னாள் வீரர்களின் பென்சனை அன்றைய தொகையிலேயே உறைய வைத்தது. பின்னர் அல்ஜீரியர்களுக்கும் அதுவே நடந்தது. பிரெஞ்சுக்காரரின் பென்சன் விலைவாசியோடு ஏறியது, இவர்களுடையது நின்ற இடத்தில் நின்றது. ஐரோப்பிய மனித உரிமைச் சமவாயத்தில் 1950 இல் ஒப்பமிட்ட பிரான்ஸ் அதை உறுதிப்படுத்தியது 1974 இல்தான். அந்தத் தாமதத்துக்கு அல்ஜீரிய யுத்தமும் ஒரு காரணம். அந்த யுத்தத்தை 'யுத்தம்' என்று சட்டத்தில் எழுதவே 1999 வரை சென்றது.

இந்தப் படம் அந்த உறைவை உடைத்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். உண்மை பாதிதான். படத்தைப் பார்த்த ஜனாதிபதி சிராக் மனம் இளகினார். படம் வெளியான அதே செப்டெம்பரில் பென்சன் உயர்வு அறிவிக்கப்பட்டது. சுமார் 80 ஆயிரம் பேர் பயனடைந்தார்கள். ஆனால் அது போர்வீரர் கொடுப்பனவுக்கும் ஊனக் கொடுப்பனவுக்கும் மட்டும்தான். இராணுவச் சேவைக்கான ஓய்வூதியம் அதில் அடங்கவில்லை, பழைய பாக்கியும் இல்லை.

படத்துக்கு முன்பே இதற்காக நடந்தவர்கள் உண்டு. 743 செனகல் வீரர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் போய் 1989 இல் வென்றார்கள். 2001 இல் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றமும் இது பாரபட்சம் என்று தீர்த்தது. 2010 மே 28 ஆம் திகதி, ஓர் அல்ஜீரியக் குடும்பத்தாரின் வழக்கில், இந்த உறைவு சமத்துவத்துக்கு முரண் என்று அரசியலமைப்புப் பேரவை சொன்னது. பிரஜைகள் கேள்வி எழுப்பி ஒரு சட்டத்தைச் சோதிக்கும் புதிய நடைமுறையில் வந்த முதல் தீர்ப்பே அதுதான். சிராக் கொடுத்தது கருணை, பேரவை கொடுத்தது உரிமை. கஸன் வற்புறுத்திய வேறுபாடும் இதுதான்.

படத்தோடு எனக்குள்ள பிணக்கும் இங்கேதான் தொடங்குகிறது. 'நாங்கள் உங்களுக்காக இரத்தம் சிந்தினோம், ஆகவே எங்களைச் சமமாக நடத்துங்கள்' என்பதே படத்தின் வாதம். கேட்க உருக்கமாக இருக்கிறது. ஆனால் இரத்தம் சிந்தாத முஸ்லிமுக்கு என்ன பதில்? பாரிஸ் புறநகரில் வேலையில்லாமல் நிற்கும் பேரப்பிள்ளை, தன் மூத்தவாப்பாவின் காயத்தைக் காட்டித்தான் மரியாதை வாங்கவேண்டுமா? உரிமை பிறப்போடு வருவது என்றால், வீரத்தைக் கொண்டு அதை வாங்க வேண்டியதில்லை.

இன்னொன்று. எழுதக் கை கூசுகிறது, எழுதாமல் விடவும் முடியாது. 1944 மே மாதம், மொன்டே கஸீனோ போருக்குப் பிறகு, பிரெஞ்சுப் படையிலிருந்த மொரோக்கோ வீரர்கள் பலர் இத்தாலியக் கிராமப் பெண்கள்மீது பெரும் பாலியல் வன்முறை நடத்தினார்கள். டி சீக்கா 1960 இல் எடுத்த 'லா சோச்சாரா' அந்தக் காயத்தைத்தான் பேசுகிறது. பூஷாரெப்பின் வீரர்கள் அதே இத்தாலி வழியாக வருகிறார்கள், படம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. இன்னும் பல குற்றச்சாட்டுகளைச் சுமத்தி அவர்களை இழிவுபடுத்த இனவாதிகள் காத்திருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். பிரெஞ்சு அதிகாரிகளின் பொறுப்பும் அதில் இருக்கிறது. ஆனால் பிரான்ஸ் தன் புகைப்படத்திலிருந்து அப்துல் காதிரை வெட்டியது பிழை என்றால், நம்முடைய புகைப்படத்திலிருந்து அந்தப் பெண்களை வெட்டுவதும் பிழைதான். நமக்குப் பிடித்த ஞாபகத்தை மட்டும் வைத்துக்கொள்ள நமக்கும் உரிமை இல்லை.

இந்தக் குறைகளோடும் இது பார்க்கவேண்டிய படம். கடைசிக் காட்சியில், அறுபது வருடங்களுக்குப் பிறகு, முதிய அப்துல் காதிர் அல்ஸாஸ் மையவாடியில் தோழர்களின் கபுறுகளுக்கு முன்னால் நிற்கிறார். பிறகு பிரான்சிலுள்ள தன் ஒடுங்கிய அறைக்குத் திரும்பி வந்து கட்டிலில் உட்காருகிறார். வசனம் ஒன்றுமில்லை. ஊரைக் காத்தவர் அந்த நாட்டில் ஒரு வாடகை அறைக்காரர்.

2010 தீர்ப்பைப் பற்றி மாமாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "59ல இருந்து 2010 வரைக்கும். அதுக்குள்ள எத்தின பேர் மௌத்தாகிப் போயிருப்பாங்க மகன்?"