தேவிக்குக் காணிக்கை! தாரத்துக்கு?

ஆப்பிரிக்க ஆன்மிகத்தில் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் நிறைவு செய்பவர் என்பர் சிலர். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1958-இல் வெளியிட்ட 'திங்ஸ் ஃபால் அபார்ட்' புதினத்தை அவர்முன் வைக்கிறோம்.

இக்போ மக்களின் நிலத்தெய்வம் அனி, பெண்! அத்தேவிக்குரிய அமைதி வாரத்தில் ஒகோன்க்வோ தன் இளைய மனைவியை அடிக்கிறான். பூசாரி சீறி வந்து தண்டம் விதிக்கிறார்: பெண்ணாடு ஒன்று, பெட்டைக்கோழி ஒன்று, துணி, நூறு சோழி. அத்தனையும் கோயிலுக்கு! அடிபட்டவளுக்கு? ஒன்றுமில்லை. மனைவிமீதே பிழை இருப்பினும், அவ்வாரத்தில் அடித்தது தீது என்பதே அவர் வாதம். கை ஓங்கியது குற்றமன்று. நாள் பாராது ஓங்கியதே குற்றம்! ஊர் வழக்கைத் தீர்க்கும் மன்றத்திலோ, பெண்கள் ஓரத்தில் நின்று பார்க்கின்றனர்.

வெள்ளையர் இகழ்ந்த தம் மக்களின் மாண்பை எழுத வந்த அச்செபே, இப்புண்ணை மறைத்தாரில்லை. அந்நேர்மையைப் போற்றுகிறோம். கோயிலில் தேவி, வீட்டில் அடிமை, மன்றத்தில் அயலாள்! இதுவா நிறைவு? தீர்ப்புரைக்கும் உரிமை அவளுக்கும் வரட்டும். அதன்பின் பேசுவோம் நிறைவைப் பற்றி!