சங்கிலியும் சாவியும்

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் ஏல நேரத்தில் ஒரு நாழிகை நின்றால் போதும். மேற்குமலை அடிவாரத் தோப்புகளிலிருந்து வந்திறங்கிய காய்களைக் கமிஷன் கடைக்காரர்கள் ரகம் பிரித்துக் குவிக்கையில், மழை தப்பிய வருஷமானால், காதில் விழுகிற பேச்செல்லாம் பூ கொட்டிய கதையும் பிஞ்சு கொட்டிய கதையுமாகவே இருக்கும். சீதோஷ்ணம் மாறுகிறது என்பதை எந்த அறிக்கையையும் படிக்காமல் விலையிலேயே கண்டுகொள்கிற இந்த ஊருக்கு மேயர் கிடையாது. நகராட்சி, அதற்கொரு தலைவர், அவ்வளவே. தென்காசி மாவட்டம் முழுமைக்கும் ஒரு மாநகராட்சிகூட இல்லை. ஆகவே, பூமியின் சூட்டைத் தணிக்கும் பொறுப்பை உலகத்து மேயர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்ற பிரஸ்தாபத்தை இங்கிருந்து கேட்கும்போது, வடம் தொடாமல் ஓரத்தில் நின்று தேரோட்டம் பார்ப்பவனுக்குள்ள சௌகரியம் நமக்கும் வாய்க்கிறது: சக்கரம் எந்த இடத்தில் பதிந்து நிற்கிறது என்பது அவன் கண்ணில்தான் முதலில் படும்.

மேயர்கள் இப்பொறுப்பை ஏற்கும் சம்பிரதாயம் பழையதன்று. உமிழ்வைக் குறைப்பதற்கான கியோட்டோ உடன்பாட்டிலிருந்து அமெரிக்க அரசாங்கம் 2001-இல் விலகிக்கொள்ள, 2005-இல் சியாட்டில் நகரத்து மேயர் கிரெக் நிக்கல்ஸ், அரசாங்கம் கைவிட்ட பிரதிக்ஞையை நகரங்களாவது காப்பாற்றட்டும் என்று சக மேயர்களைத் திரட்டினார். அதே ஆண்டில் லண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டன் கூட்டிய பெருநகரங்களின் மாநாடு வளர்ந்து, இன்று ஏறத்தாழ நூறு நகரங்கள் அங்கம் வகிக்கும் ‘சி-40’ என்ற ஸ்தாபனமாகியிருக்கிறது. இதன் பின்னுள்ள நியாயம் எளிதில் தள்ளக்கூடியதன்று. தேசங்கள் சர்வதேச மேடையில் ஒன்றையொன்று பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருக்க, மேயரோ மறுநாள் காலையில் ஓட வேண்டிய பஸ்ஸுக்கும் அள்ள வேண்டிய குப்பைக்கும் தம் ஜனங்களுக்கு நேரே பதில் சொல்ல வேண்டியவராயிருக்கிறார்.

ஆனால் லண்டனை உதாரணம் காட்டுகிறவர்கள் அங்கே மேயரின் கையில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பஸ்ஸும் சுரங்க ரயிலும் முக்கியச் சாலைகளும் அவருடைய நிர்வாகத்தில் இருப்பதனால்தான், 2003-இல் நகர மையத்துக்குள் நுழையும் வண்டிகளுக்குக் கட்டணம் விதிக்கவும், 2019-இல் புகை மிகுந்த வண்டிகளுக்குத் தனிக் கட்டணம் கொண்டுவரவும், 2023 ஆகஸ்டில், பலத்த எதிர்ப்புக்கு நடுவே, அதை லண்டன் முழுவதற்கும் விஸ்தரிக்கவும் அந்தப் பதவியால் முடிந்தது. ஏசுகிறவர்களுக்கு யாரை ஏசுவது என்று அங்கே தெளிவாகத் தெரிகிறது. அதுவும் ஒரு பலமே.

சென்னைக்கு வருவோம். 1688-லேயே மாநகராட்சி கண்ட நகரம். 2022 மார்ச்சில் ஆர். பிரியா மேயரானார், 2023-இல் சி-40 ஸ்தாபனத்தின் துணையோடு தயாரான காலநிலைச் செயல்திட்டம் வெளிவந்தது. தேசம் 2070 என்று நிர்ணயித்திருக்கிற நிகர பூஜ்ய உமிழ்வு லக்ஷ்யத்தைச் சென்னை 2050-க்குள் எட்டும் என்பது அதன் வாக்கு. மனம் நிறைந்து பாராட்டலாம். ஆயினும் அந்த உமிழ்வில் பெரும்பங்கு மின்சாரத்தால் நேர்வது; மின்சாரம் மாநில மின்வாரியத்தினுடையது. அடுத்த பங்கு வண்டிகளால் நேர்வது. பஸ் மாநகர் போக்குவரத்துக் கழகத்தினுடையது. தண்ணீர் குடிநீர் வாரியத்திடம், நகரம் எந்தப் பக்கம் வளரலாம் என்ற திட்டம் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம். எஞ்சிய மாநகராட்சி வேலைகளிலும் தீர்மானம் மன்றத்தினுடையது, நிறைவேற்றும் அதிகாரம் மாநில அரசு அனுப்பிவைக்கிற ஆணையருடையது. அரசியல் சட்டத்தின் 74-ஆம் திருத்தம் நகர அமைப்புகளுக்கென்று பதினெட்டு இனங்களைப் பட்டியலிட்டுக் கொடுத்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. பட்டியல் வந்தது, சாவிக்கொத்து வரவில்லை. சிவப்பு அங்கியும் பொற்சங்கிலியுமாக மேயர் ஆசனத்தில் அமர்ந்திருக்கும் படத்தைப் பத்திரிகையில் காணும்போதெல்லாம் எனக்கு இந்தச் சாவிகளின் நினைவுதான் வருகிறது.

இதனினும் பெரிய குறையொன்று உண்டு; அதைத் திட்ட அறிக்கைகள் பேசுவதில்லை. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு நகர மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலம் தனி அலுவலர்களின் ஆட்சி. அந்தக் காலத்தில் நிகழ்ந்தவற்றை எண்ணிப் பாருங்கள்: 2016 டிசம்பரில் வார்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்தது, 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது, 2021 நவம்பரில் தெருக்கள் வெள்ளத்தில் மிதந்தன. மூன்று ஆபத்துகளிலும் மேயர் என்ற ஒருவரே இல்லை. மேயரை ஜனங்களே நேராகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதுகூட 1996 முதல் ஆட்சிக்கு ஆட்சி மாறிக்கொண்டிருந்திருக்கிறது. முப்பதாண்டு லக்ஷ்யம் ஒன்றை, ஐந்தாண்டு நிச்சயமும் இல்லாத பதவியின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

அப்படியானால் மேயரால் ஆவதொன்றுமில்லையா என்றால், அப்படிச் சொல்வது சோம்பேறித்தனமாகும். குப்பையும் மழைநீர் வடிகாலும் தெருவிளக்கும் பூங்காவும் மாநகராட்சியின் கைக்குள்ளேயே இருக்கின்றன. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் பல்லாண்டுகளாகக் குவிந்த பெருங்குடிக் குப்பைமேட்டைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை மாநகராட்சியுடையதே. 2022-இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள சதுப்புநிலம் என்ற ராம்சார் அந்தஸ்து பெற்ற அந்தச் சதுப்பைக் குப்பையால் மூடிய பாவமும் அதனுடையதே என்பதை இங்கே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆனால் மேயர்களின் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு: நகரங்கள் தத்தம் எல்லைக்குள் எழும் புகையையும் அங்கே செலவாகும் மின்சாரத்தின் புகையையும்தான் பிரதானமாகக் கணக்கெடுக்கின்றன. தூரத்து நிலக்கரி உலைகளின் சாம்பலைச் சுவாசிக்கிறவர்களும், சந்தைக்கு வரும் காய்களை வறட்சியில் விளைவித்தவர்களும் அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறார்கள்.

புளியங்குடி அப்படி வெளியே நிற்கிற ஊர்தான். இங்கே நகர்மன்றத் தலைவருக்குச் சர்வதேச மாநாட்டு அழைப்பு வராது. ஆனால் குப்பை விஷயத்தில் மட்டும் சென்னை மேயருக்குள்ள பாத்தியதை இவருக்கும் குறைவின்றி உண்டு. தவிர, கடைத்தெருவில் எவரும் இவரை நிறுத்திக் கேள்வி கேட்டுவிடலாம். ஏலம் முடிந்து லாரிகள் புறப்பட்டபின் தரையில் மிஞ்சுகிற அழுகல் காய்களையும் சருகுகளையும் பாலிதீன் பைகளோடு ஒன்றாகக் கூட்டி உரக்கிடங்கில் கொட்டினால், அவை புழுங்கி மீத்தேனாகும்; தனியே பிரித்தால் மட்கி எருவாகித் தோப்புக்கே திரும்பும். அந்தக் குவியலை அள்ள வண்டி எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை தனித்தனிப் பெட்டிகளோடு வர வேண்டும் என்பதையெல்லாம் நகர்மன்றத்தின் ஒரு தீர்மானமே நிர்ணயித்துவிடலாம். அதற்கு ஜார்ஜ் கோட்டை வரை கோப்பு போய்வர வேண்டியதில்லை.