அரிமளத்தில் கான்ட்ரா ஓடும் வேகம்

மியூ மினி பிளஸ்ஸின் அங்க அடையாளங்களை ஒப்பிக்க வேண்டியதில்லை. 2023இல் வந்த சீனக் கருவி. மூன்றரை அங்குலத் திரை, சட்டைப் பையில் அடங்கும் உடம்பு, நிண்டெண்டோவின் ஃபேமிகாம் முதல் பழைய பிளேஸ்டேஷன் வரை ஓட்டும் திறன் எல்லாம் பழைய வீடியோ கேம் பிரியர்களுக்கு மனப்பாடம். யூடியூபில் இதைப் புகழாத ஆளில்லை. ஆனால் புகழ்கிறவர்களில் பலர் அமெரிக்காவில் நிண்டெண்டோவோடு வளர்ந்தவர்கள். அதனால்தானோ என்னவோ, புதுக்கோட்டைப் பக்கம் வளர்ந்த ஒருவருக்குச் சட்டென்று உறைக்கிற விஷயம் அவர்கள் வாயில் வருவதே இல்லை: இதில் கான்ட்ரா கேம் வேகமாக ஓடுகிறது.

கொஞ்சநஞ்சமல்ல, ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகம்.

அரிமளத்தைச் சேர்ந்த ரசிகர் ஒருவரின் பையில் இந்தக் கருவி சில வாரங்களாகக் குடியிருக்கிறது. நாற்பதை நெருங்குகிறவர். வேலை புதுக்கோட்டையில், காலையும் மாலையும் பஸ்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பிள்ளைகளோடு திருமயம் கோட்டை, இல்லையென்றால் பழைய கேசட் கிடைக்குமா என்று எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடைகளில் ஒரு சுற்று. 2006இல் தி.மு.க. அரசு தொடங்கிய இலவசத் திட்டத்தில் வந்த 14 அங்குல வண்ண டிவி அவர் வீட்டில் இன்னும் வேலை செய்கிறது. சீரியல் பார்க்க ஹாலில் வேறு டிவி வந்துவிட்டது. இதன் பின்னால் மஞ்சள், வெள்ளை வயர் சொருகி ஃபேமிகாமின் நகலான ஒரு வீடியோ கேம் பெட்டி மட்டும் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. தொண்ணூறுகளில் ‘லிட்டில் மாஸ்டர்’, ‘டெர்மினேட்டர் 2’ என்ற பெயர்களில் விற்ற வகையறா. ஆக, பழையதையும் புதியதையும் அக்கம்பக்கத்தில் வைத்துப் பார்க்க அவரைவிடத் தோதான ஆள் கிடைக்க மாட்டார்.

கான்ட்ராவின் மூன்றாம் கட்டம் நீர்வீழ்ச்சி. மேலேயிருந்து பாறை குதித்துக் குதித்து வரும். அது கடந்த இடைவெளியில் அடுத்த திட்டுக்குத் தாவ வேண்டும். கண் பார்த்து மூளை சொல்லி விரல் அழுத்துகிற வேலையல்ல இது. இருபத்தைந்து வருடத்தில் கட்டைவிரலுக்கே மனப்பாடமாகிவிட்ட தாளம். கருவியில் அதே இடத்தில், அதே நேரம் என்று அவர் நினைத்த நேரத்தில் தாவினார். பாறை தலையில் விழுந்தது. மறுபடி தாவினார், மறுபடி விழுந்தது. “வயசாயிருச்சு போல” என்று சிரித்துக்கொண்டார்.

வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை மரியோ நிரூபித்தது. சூப்பர் மரியோவின் முதல் கட்டத்தைத் தொடங்கி, ஒரு பட்டனும் அழுத்தாமல் அப்படியே நிற்க விட்டால், மூலையிலுள்ள கடிகாரம் 400இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும். அது 400 விநாடி என்று அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் அந்த எண் 24 படங்களுக்கு ஒரு தடவை ஒன்று குறைகிறது. மியூவில் 400 தீர 2 நிமிடம் 40 விநாடி ஆகும். 14 அங்குல டிவியில் அதே 400க்கு 3 நிமிடம் 12 விநாடி. செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து யாரும் சரிபார்க்கலாம். அரிமளத்து மரியோவுக்கு 32 விநாடி கூடுதல் ஆயுள்.

காரணம் டிவியில் இருக்கிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி விநாடிக்கு 60 படம் காட்டும். இந்தியா எடுத்துக்கொண்ட பி.ஏ.எல். முறையில் 50தான். 1983இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாமின் கேம்கள் பெரும்பாலும் படக் கணக்கில்தான் ஓடின. ஒரு படத்துக்கு மரியோ இத்தனை புள்ளி நகர வேண்டும், குண்டு இத்தனை புள்ளி பறக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. விநாடி அதற்குத் தெரியாது. டிவி மெதுவானால் குண்டு, பாறை, பாட்டு எல்லாமே மெதுவாகும். ஐரோப்பாவுக்குப் போனபோது மரியோ உட்படச் சில கேம்களைத் திருத்தி வேகத்தைச் சரிக்கட்டினார்கள். இங்கே வந்தது நகல் பெட்டியும் ‘9999999 இன் 1’ கேசட்டும். அதற்குள் இருந்தவை திருத்தப்படாத ஜப்பான், அமெரிக்கக் கேம்கள். நம் பிள்ளைகளுக்காக யாரும் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை.

அதிலும் ஒரு சாமர்த்தியம் இருந்தது. ஐரோப்பாவின் அசல் நிண்டெண்டோ பெட்டியில் ஜப்பான் கேசட்டைப் போட்டால் சில கேம்களில் படம் உடையும். மூளைச் சிப்புக்கும் படச் சிப்புக்கும் இடையிலான கணக்கையே அதில் மாற்றியிருந்தார்கள். தைவானில் யு.எம்.சி. போன்ற நிறுவனங்கள் செய்த நகல் சிப்புகள் வேறு வழியில் போயின. இரண்டு சிப்புக்கும் இடையிலான கணக்கை ஜப்பானில் இருந்தபடியே விட்டுவிட்டு, ஒவ்வொரு படத்தின் கடைசியிலும் சும்மா ஓடும் வரிகளைச் சேர்த்து 50ஐ எட்டவைத்தார்கள். அதனால் பெரும்பாலான கேசட்டுகள் ஓடின. பாட்டின் சுருதி கிட்டத்தட்ட மாறவில்லை. தாளம் மட்டும் ஆறில் ஒரு பங்கு இறங்கியது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையின் காதில் இருக்கும் மரியோ பாட்டு இந்த இறங்கிய தாளம்தான்.

இனி மியூவிடம் வருவோம். இந்தப் பழைய வேகத்தை அது ஓட்டுமா? ஓட்டும். ஆனால் கேட்டால்தான் தரும். எங்கே கேட்பது என்று சொல்லவும் சொல்லாது.

தன்னார்வலர்கள் எழுதி இலவசமாகத் தரும் ஆனியன் என்ற மென்பொருளை இதில் ஏற்றிக்கொள்வதுதான் வழக்கம். அதில் கேம் ஓடும்போது மெனு பட்டனையும் செலக்ட் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் ரெட்ரோஆர்ச் என்ற உள்வீடு திறக்கும். அங்கே ‘கோர் ஆப்ஷன்ஸ்’, அதற்குள் ‘ரீஜியன்’. அதில் ‘ஆட்டோ’, ‘என்.டி.எஸ்.சி.’, ‘பி.ஏ.எல்.’, ‘டெண்டி’ என்று வரிசை. இந்தியாவில் வளர்ந்த யாரும் ‘பி.ஏ.எல்.’ என்பதைத்தான் தொடுவார்கள். அது ஐரோப்பாவின் அசல் பெட்டிக்கானது. நமக்கு வேண்டியது டெண்டி. 1992இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த தைவான் நகல் பெட்டியின் பெயர் அது. அந்த ஜாதிப் பெட்டிகளிலேயே அதுதான் பேர் வாங்கியது என்பதால் மென்பொருள் எழுதியவர்கள் அதன் பெயரையே வைத்துவிட்டார்கள். அரிமளத்தில் ஆடிய கேமைத் திரும்பப் பெற ரஷ்யப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை எந்த விளக்கப் புத்தகமும் ஒரு வரி சொல்வதில்லை என்பதுதான் எரிச்சல்.

டெண்டிக்கு மாற்றியதும் நீர்வீழ்ச்சிக் கட்டம் பழையபடி வசமாகிவிட்டது. பாறை கட்டைவிரலுக்குத் தெரிந்த நேரத்தில் வந்தது. முதல் தாவலே சரியாக விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஃப்ரீ ஃபயர் ஆடிக்கொண்டிருந்த அக்கா மகன் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன மாமா, இப்படி லேக் அடிக்குது?” என்றான்.

அவன் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. மியூவின் திரை விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கிறது. 50 படத்தை 60 இடத்தில் நிரப்ப, பத்துப் படத்தை இரண்டு தடவை காட்டியாக வேண்டும். கான்ட்ராவில் இது அவ்வளவாகக் கண்ணில் படாது. ரோடு ஃபைட்டரில் ரோடு சீராக வழுக்கி வர வேண்டிய இடத்தில் லேசாக இடறுகிறது. 14 அங்குல டிவியில் இந்த இடறல் அறவே இல்லை, ஏனென்றால் அதன் தாளமே 50. ஆக, சரியான வேகம் வேண்டுமென்றால் இடறலைப் பொறுக்க வேண்டும். வழுவழுப்பு வேண்டுமென்றால் ஐந்தில் ஒரு பங்கு அதிக வேகத்தைப் பொறுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இந்தத் திரையில் கிடைக்காது.

வேகத் தகராறு எல்லா கேமுக்கும் இல்லை. ஊரெல்லாம் ‘முஸ்தபா’ என்று பெயர் வைத்துக் கொண்டாடிய கேம், 1993இல் கேப்காம் வெளியிட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. அது காசு போட்டு ஆடும் கடைகளில் இருந்தது. அதன் பலகையும் திரையும் வீட்டு டிவியை நம்பியதில்லை. ஜப்பானில் ஓடிய வேகம்தான் இங்கேயும். மியூவில் போட்டால் முஸ்தபா நினைவில் இருந்தபடியே உதைக்கிறான். கேம் பாயும் அப்படித்தான்; திரை அதற்குள்ளேயே இருந்ததால் உலகம் முழுக்க ஒரே வேகம். வீட்டு டிவியில் சொருகி ஆடியவைதான் மாறிப்போயிருக்கின்றன.

வெளியே கிளம்பும்போது இந்தக் கருவி கெட்டிக்காரத்தனம் காட்டுவது வேறொரு விஷயத்தில். புதுக்கோட்டை பஸ்ஸில் தைல மரக்காட்டைக் கடக்கும்போது ஐந்தாம் கட்டத்தில் இருந்தால், இறங்கும் இடம் வந்ததும் பவர் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் போதும். அந்த நொடியைச் சேமித்துவிட்டு அணையும். மாலையில் திரும்பப் போட்டால் அதே இடத்தில், அதே குண்டு பறந்தபடி எழுந்து நிற்கும். கான்ட்ராவில் சேமிக்கும் வசதியே கிடையாது. எட்டுக் கட்டமும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். 2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலத்தில் அதை முடிப்பது திறமையைவிட மின்வாரியத்தின் கையில்தான் இருந்தது. ஏழாம் கட்டத்தில் கரண்ட் போய்த் தலையில் அடித்துக்கொண்ட யாருக்கும் இந்த ஒரு வசதிக்கே கருவியை வாங்கத் தோன்றும்.

வெயில் இதற்கு ஆகாது. திருமயத்தில் 1687இல் சேதுபதி கட்டிய கோட்டையின் உச்சியில், பீரங்கி மேட்டில் உட்கார்ந்து ஆட நினைத்தால் திரையில் தெரிவது ஆடுகிறவரின் முகம்தான். வெளிச்சத்தை முழுசாக ஏற்றினாலும் மதிய நேரத்தில் பயனில்லை. மதில் நிழலுக்குப் போனால் சரியாகிவிடுகிறது.

ஜோடி இல்லாதது இன்னொரு குறை. கான்ட்ரா இரண்டு பேர் ஆட வேண்டிய கேம். நீல ஆள் ஒருவர், சிவப்பு ஆள் ஒருவர், கூட ஆடுகிறவன் லைஃபைத் திருடிவிட்டான் என்ற சண்டை ஒன்று. மியூவில் ஒருவர்தான் பிடிக்க முடியும். ஆனியனில் வைஃபை வழியாக இரண்டு கருவிகளை இணைத்து ஆடலாம். ஆனால் அரிமளத்தில் இன்னொரு மியூ வைத்திருப்பவரைத் தேடுவது, நல்ல கான்ட்ரா கேசட்டைத் தேடுவதைவிடக் கஷ்டம். டக் ஹண்ட் கேமின் துப்பாக்கிக்கும் இங்கே வேலையில்லை. அது குண்டு டிவியோடு பிறந்து அதோடேயே நிற்கிற சாதனம்.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இதை இறக்குமதி செய்து விற்பவர்களிடம்தான் வாங்க வேண்டியிருக்கிறது. விலை கடைக்குக் கடை மாறும், பழுதானால் அக்கம்பக்கத்து செல்போன் ரிப்பேர்க் கடைதான் கதி. புதிய செல்போன்களோடு வரும் அதிவேக சார்ஜரில் இதைச் சொருகாமல், சாதாரண 5 வோல்ட் சார்ஜரையே பயன்படுத்துவது நல்லது.

அடுத்தது கேம்கள். ஆயிரக்கணக்கான கேம்களை மெமரி கார்டில் நிரப்பி விற்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் பதிப்புரிமை உண்டு. எண்ணிக்கைக்காகச் சேர்த்த அந்தக் கார்டுகளில் ஒரே கேம் நாலு பெயரில் இருப்பதும் சகஜம். கான்ட்ராவைச் சட்டப்படி ஆட விரும்புகிறவர்களுக்கு கோனாமி 2019இல் கணினிக்கும் புதிய விளையாட்டுப் பெட்டிகளுக்கும் ஒரு தொகுப்பையே வெளியிட்டிருக்கிறது. ஃபேமிகாமுக்காக இன்றும் புதிதாக எழுதப்படும் கேம்கள் உண்டு. 2019இல் வந்த மைக்ரோ மேஜஸ் வெறும் 40 கிலோபைட். சூப்பர் மரியோ அளவுதான். அதைக் காசு கொடுத்து வாங்கி இந்தக் கருவியில் ஓட்டலாம்.

பழைய டிவியும் நகல் பெட்டியும் வீட்டில் ஓடும் நிலையில் இருந்தால், வேகத்தில் மியூ அவற்றை ஜெயிக்காது. அவற்றை ஆக்கர்க்காரரிடம் போட்டுவிட்டு இதை வாங்காதீர்கள். பஸ்ஸிலும் கல்யாண மண்டபத்திலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் கான்ட்ராவை விட்ட இடத்திலிருந்து தொடர ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். வாங்கிய அன்றைக்கே ரீஜியனை டெண்டிக்கு மாற்றிவிடுங்கள்.