செய்தி சொன்னவரும் செய்தி கேட்டவரும்: வானொலி, மேடை, திரை ஆகியவற்றில் பூர்ணம் விசுவநாதனின் நடிப்பு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்த் திரைப்படம் பற்றிய எழுத்துகளில் பூர்ணம் விசுவநாதன் (1921–2008) 'குணச்சித்திர நடிகர்' என்ற ஒற்றைத் தொடருக்குள் அடங்கிவிடுகிறார். வானொலிச் செய்தி வாசிப்பில் தொடங்கிச் சபா நாடக மேடை வழியாகத் திரைக்கு வந்த அவரது நடிப்பின் தனித்தன்மை, பேசுவதைக் காட்டிலும் கேட்பதில் அமைந்திருந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். சுஜாதாவின் நாடகப் பனுவல்கள் இரண்டும் 1980 முதல் 1995 வரை வெளிவந்த ஐந்து திரைப்படங்களும் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பூர்ணம் விசுவநாதன், குணச்சித்திர நடிப்பு, வானொலி, சபா நாடகம், சுஜாதா, பேச்சுவழக்கு

'குணச்சித்திரம்' என்னும் வகைப்பாடு

நாயகர், நாயகி, எதிர்நாயகர், நகைச்சுவை நடிகர் என்று பெயர் சூட்டிய பின் எஞ்சியவர்கள் அனைவரையும் இட்டு வைக்கும் பெட்டியாகவே 'குணச்சித்திர நடிகர்' என்னும் வகை தமிழில் பயன்பட்டு வருகிறது. அப்பெட்டிக்குள் இருப்போரிடையே நடிப்பு முறையால் அமைந்த உறவு எதுவும் தேடப்படுவதில்லை. இவ்வாறு நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தமிழில் நடிப்பை மதிப்பிடும் அளவுகோல் நெடுங்காலம் வசன உச்சரிப்பாகவே இருந்தது. 'பராசக்தி' (1952), 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) ஆகியவற்றின் வசனங்கள் ஒலித்தட்டுகளாகவும் வானொலி ஒலிச்சித்திரங்களாகவும் திருவிழா ஒலிபெருக்கிகள் வழியாகவும் படத்தைப் பார்க்காதவரையும் சென்றடைந்தன. படத்திலிருந்து பிரித்தெடுத்தாலும் தனித்து நிற்கக்கூடிய பேச்சே உயர்ந்த நடிப்பின் அடையாளம் ஆயிற்று.

இந்த அளவுகோலின்படி பூர்ணம் விசுவநாதனுக்கு எழுதத்தக்க இடம் எதுவும் இல்லை. அவர் பேசிய வசனம் ஒன்றை யாரும் மேடையேறி ஒப்பிப்பதில்லை. பலகுரல் கலைஞர்கள் அவர் குரலை எடுத்துக் கையாளலாம். ஆனால் அவர்கள் கையாள்வது அந்தக் குரலின் தழுதழுப்பையே அன்றி ஒரு சொற்றொடரை அன்று. அவரைப் பாராட்டுவோர் 'இயல்பான நடிப்பு' என்று கூறி நிறுத்திக்கொள்கின்றனர். அந்த இயல்பு எங்கிருந்து வந்தது, எவருடைய இயல்பு அது என்ற வினாக்கள் எழுப்பப்படுவதில்லை.

வானொலி அறை

1947 ஆகஸ்டு 15 அன்று நாடு விடுதலை பெற்ற செய்தியை வானொலியில் தமிழில் வாசித்தவர் பூர்ணம் விசுவநாதன் என்பது அவரைப் பற்றி எழுதுவோர் எவரும் விடாமல் குறிப்பிடும் தகவல். இது பெருமைக்குரியது; எனினும் அதனாலேயே ஒரு தடையாகவும் ஆகிவிட்டது. ஒரு நாளின் சிறப்பைச் சொல்லிவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் தில்லியில் அவர் அன்றாடம் செய்த பணி என்ன என்பதைக் கவனியாமல் நகர்ந்துவிடுகிறோம். நடிகரை உருவாக்கியது அந்த ஒரு நாளாக இருந்திருக்க முடியாது. எத்தனையோ சாதாரண நாள்களே அவரை உருவாக்கியிருக்க வேண்டும்.

தில்லிச் செய்திப் பிரிவில் ஆங்கில அறிக்கையைத் தமிழாக்குவதும் வாசிப்பதும் ஒருவரின் பணியாகவே இருந்து வந்துள்ளன. வாசிக்கப்போகும் தொடரை மொழிபெயர்க்கும்போதே, அது ஒரு மூச்சுக்குள் அடங்குமா, எங்கே நிறுத்தினால் பொருள் சிதையாது என்று கணக்கிட வேண்டும். தலைவரின் மறைவும் நெல் கொள்முதல் விலையும் ஏறக்குறைய ஒரே குரலில் சொல்லப்பட வேண்டும்; வாசிப்பவரின் துயரமோ மகிழ்ச்சியோ சொல்லின் மீது படிந்துவிடக் கூடாது. கேட்பவரின் முகம் கண்ணுக்குத் தெரியாது. கேட்பவர் சென்னையில் இருக்கலாம், திருநெல்வேலிச் சிற்றூரில் இருக்கலாம். ஆகவே எந்த வட்டாரத்துக்கும் உரியதல்லாத ஒரு தமிழில் பேச வேண்டும்.

நாடக மேடையின் தேவை இதற்கு நேர்மாறானது. தில்லியிலேயே தமிழர்களின் பயில்முறை நாடகங்களில் அவர் பங்கேற்றார். அங்கே அரங்கின் கடைசி வரிசை வரை உணர்ச்சி சென்று சேர வேண்டும். வீட்டுப் பேச்சு வீட்டுப் பேச்சாகவே ஒலிக்க வேண்டும். பகலில் யாருடையதும் அல்லாத தமிழும், மாலையில் தன் வீட்டுத் தமிழும் என இரண்டையும் ஒருவர் பல்லாண்டுகள் மாறி மாறிப் பயின்றார் என்பதே அவர் வாழ்க்கைக் குறிப்புகளில் ஆய்வுக்கு மிகவும் பயன்படும் செய்தி. அவருடைய பிற்காலக் கதைமாந்தர்கள் உணர்ச்சிப் பெருக்கிலும் ஒரு தொடரின் ஈற்றைக் கவனமாக முடிப்பதை நோக்கும்போது, செய்தியாளரின் மூச்சுக்கணக்கு அங்கே தொழிற்படுவதை உணரலாம்.

வானொலியும் எழுத்தும் அவர் குடும்பத்தில் கலந்தே இருந்தன. 'முள்ளும் மலரும்' நாவலை எழுதிய உமாசந்திரன் இவருடைய உடன்பிறந்தவர். அவரும் வானொலியில் பணியாற்றியவர். அந்நாவல் 1978இல் மகேந்திரனால் படமாக்கப்பட்டபோது, வசனத்தைக் குறைத்து முகத்தை நம்பும் திரைமொழிக்குத் தமிழில் முன்னோடி ஆயிற்று. சகோதரர்கள் இருவரும் இதைத் திட்டமிடவில்லை; ஆயினும் இப்பொருத்தம் சுட்டத்தக்கது.

சுஜாதாவின் முதியவர்கள்

சென்னைக்கு வந்து மைய அரசின் 'திட்டம்' இதழில் பணியாற்றிய காலத்திலும் ஓய்வுக்குப் பின்னரும் நாடகமே அவரது முதன்மைக் களம். சுஜாதாவை மேடை நாடகத்துக்குள் ஈர்த்து நிறுத்தியதில் பூர்ணத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அந்நாடகங்களை அவர் குழு நிகழ்த்தியதைக் காணும் வாய்ப்பு என் தலைமுறைக்கு இல்லை. நூல் வடிவில் உள்ள பனுவல்களே நமக்கு எஞ்சிய சான்று. எனினும் ஒரு குறிப்பிட்ட நடிகரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பனுவலில் அந்நடிகரின் உடலும் குரலும் ஒருவகையில் பதிந்தே கிடக்கும்.

'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தின் சீனிவாசன் பணி ஓய்வு பெற்றவர். எதிர்காலத்திலிருந்து வரும் ஜோ என்பவன் அவர் கண்ணுக்கு மட்டும் புலப்படுகிறான். வீட்டார் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டுகின்றனர். பின்னர் அற்புதங்கள் நிகழ்வதைக் கண்டதும் அதே உலகம் கடவுளே வந்துவிட்டார் என்று வணங்கத் தொடங்குகிறது. இந்நாடகத்தை மூடநம்பிக்கை மீதான எள்ளலாக வாசிப்பது வழக்கம், அவ்வாசிப்பில் பிழையில்லை. நடிப்பின் கோணத்திலிருந்து நோக்கினால் வேறொன்றும் புலப்படும். சீனிவாசன் பேசும் ஒவ்வொரு சொல்லையும் மேடையில் இரு தரப்பினர் கேட்கின்றனர். ஜோவுக்கு அது விடை. மனைவிக்கோ அது உளறல். நடிகர் ஒரே தொனியில் இரண்டையும் ஏற்கும்படி பேச வேண்டும். அதைவிடக் கடினமானது, பிறருக்குக் கேளாத ஒரு குரலைத் தான் கேட்டுக்கொண்டிருப்பதை மேடையில் காட்டுவது. கண்ணுக்குத் தெரியாத ஒருவரோடு பேசுவதே தொழிலாக இருந்த ஒருவர், பிறர் கண்ணுக்குத் தெரியாத ஒருவனோடு பேசும் முதியவராக மேடையேறினார். அவரிடம் உண்மையான செய்தி ஒன்று இருக்கிறது. அதை நம்பத்தான் ஆளில்லை.

'ஊஞ்சல்' நாடகத்தின் வரதராஜன் இதன் மறுபக்கம். தம் தொழிலும் காலமும் தம்மைக் கடந்து போய்விட்டன என்ற செய்தியை வீடு முழுவதும் அறிந்திருக்கிறது. அவர் மட்டும் அதைக் காதில் வாங்க மறுக்கிறார். சுஜாதாவின் நாடகங்களில் இதுவே முதன்மையானது என்பது என் மதிப்பீடு. 'கடவுள் வந்திருந்தார்' போல இதில் விந்தை ஏதும் இல்லை. பிறர் சொல்வதைக் கேட்டும் கேளாமல் இருக்கும் ஒரு மனிதரின் முகத்தை நம்பியே நாடகம் நகர்கிறது. செய்தியைப் பெறுவதை ஒத்திப்போடுவதும் ஒரு செயல் என்பதை இப்பனுவல் அளவுக்குத் தெளிவாகத் தமிழ் மேடை காட்டிய இடங்கள் மிகச் சிலவே.

திரையில் தந்தையர்

திரைப்படம் அவருக்குத் தந்தை, தாத்தா வேடங்களையே மிகுதியும் தந்தது. கே. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980) தில்லியில் வேலையின்றித் தவிக்கும் தமிழ் இளைஞரின் கதை. அவ்விளைஞனின் தந்தையாக, கருநாடக இசைக் கலைஞராகப் பூர்ணம் வருகிறார். தில்லியில் நெடுங்காலம் வாழ்ந்த நடிகர், தில்லிக்குப் புதியவராக, மகனைத் தேடி வரும் தந்தையாக நடித்தார் என்பது சிறு முரண்நகை. மகன் முடிதிருத்தும் தொழில் செய்கிறான் என்பதைத் தந்தை அறியும் இடமே அப்பாத்திரத்தின் உச்சம். வசனம் எதுவாயினும், தந்தை அச்செய்தியை எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பதில்தான் அக்காட்சியின் பொருள் முழுவதும் தங்கியுள்ளது. சாதிப் பெருமிதம், தந்தைப் பாசம், பசி பற்றிய தாமதமான அறிவு ஆகிய மூன்றும் ஒரே முகத்தில் இடம் தேடுகின்றன.

'வருஷம் பதினாறு' (1989) படத்தில் கூட்டுக் குடும்பத்தின் மூத்தவர். இப்படத்தின் புகழில் அவருக்குப் பங்கு உண்டென்றாலும், வேடம் அவரிடம் புதிதாக எதையும் கேட்கவில்லை. 'மகாநதி' (1994) வேறு தரத்தது. சிறைக்குள் நாயகனுக்குப் பொறுமையைக் கற்பிக்கும் பஞ்சாபகேசன், அநீதியை எதிர்க்கத் தெரியாதவர். அடங்கிப் போவதையே பிழைக்கும் வழியாகக் கண்டவர். இவரைக் கோழையாகவும் காட்டாமல் ஞானியாகவும் காட்டாமல் பூர்ணம் நடித்திருப்பது கவனத்துக்குரியது. வஸந்தின் 'ஆசை'யில் (1995) மூத்த மருமகன் கொலைகாரன் என்பதைப் பார்வையாளர்கள் அறிவர், தந்தை அறியார். அறியாமையை நடிப்பது எளிதன்று. நடிகருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியக் கூடாது. அந்த நம்பிக்கை முகம் ஒரு கணம் பொய்யாகத் தோன்றினாலும் படத்தின் அச்சம் குலைந்துவிடும்.

செய்தியை நம்பவைக்க முடியாதவர், செய்தியை ஏற்க மறுப்பவர், செய்தி வந்து தாக்கப்படுபவர், செய்தி வந்து சேராதவர் என்று இப்பாத்திரங்களை ஒரு வரிசையில் வைக்கலாம். வானொலியில் நாட்டுக்கே செய்தி சொன்னவர், மேடையிலும் திரையிலும் பெரும்பாலும் செய்தியின் மறுமுனையில் நின்றார்.

யாருடைய இயல்பு?

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். பூர்ணத்தின் 'இயல்பு' என்று போற்றப்படுவது பெரும்பாலும் நகர்ப்புறப் பார்ப்பன நடுத்தர வர்க்க வீட்டின் பேச்சும் பாவனையுமே. சபா நாடகத்தின் பார்வையாளரும் அவ்வீடுகளிலிருந்தே பெருமளவு வந்தனர். தங்கள் கூடத்தை மேடையில் கண்டவர்கள் அதை இயல்பு என்றனர். வேறொரு வீட்டின் பேச்சு திரையில் வரும்போது அது 'வட்டார வழக்கு' என்று பெயர் பெறுகிறது. இது மட்டும் பெயரின்றி 'இயல்பு' ஆகிவிடுகிறது. இப்பாகுபாட்டைத் திறனாய்வு ஏற்கத் தேவையில்லை. திரைத்துறையின் சோம்பலே அவரை ஒரே கூடத்துக்குள் நிறுத்தியது என்று முழுப்பழியையும் அங்கே சுமத்தவும் இயலாது. அவர் தாமே விரும்பி நடத்திய நாடகங்களும் பெரும்பாலும் அக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை.

ஆகவே அவரது கலை பேச்சுவழக்கைத் தாண்டி நிற்பதா, அதனோடு முடிந்துவிடுவதா என்று சோதிக்க வேண்டும். அச்சோதனைக்கு ஒரு படம் இருக்கிறது.

வஸந்தின் முதல் படமான 'கேளடி கண்மணி' (1990), நாயகனாக நடித்த எஸ்.பி. பாலசுப்பிரமணியம் மூச்சு விடாமல் பாடுவதாக அமைந்த பாடலுக்காகவே இன்றும் நினைவுகூரப்படுகிறது. அதே படத்தில் நாயகி சாரதாவின் பெற்றோர் இருவரும் செவித்திறனும் பேச்சும் அற்றவர்கள். தாயாக ஸ்ரீவித்யாவும் தந்தையாகப் பூர்ணம் விசுவநாதனும் நடித்தனர். தமிழகம் குரலாலேயே அறிந்திருந்த ஒருவருக்குக் குரலற்ற வேடம். அவரோடு பிரிக்க முடியாததாகக் கருதப்பட்ட பேச்சுவழக்கு இங்கே அடியோடு இல்லை. இக்கட்டுரை அவரது தனித்தன்மை என்று கூறும் கேட்டலும், காதின் அளவில், இல்லை.

மெய்ப்பாட்டை உணர்வோர் கண்ணாலும் செவியாலும் உறுதியாக உணரவல்லவராய் இருத்தல் வேண்டும் என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் கருத்து. அந்நூற்பா சுவைப்போரைப் பற்றியது. அதை நடிப்போர் பக்கம் திருப்பினால், செவி அடைபட்ட பாத்திரத்தில் கண்ணே செவியின் வேலையையும் செய்ய வேண்டியிருப்பது தெரியும். மகளின் திருமணப் பேச்சு அவளை நம்பியே வாழும் இப்பெற்றோருக்கு அச்சம் தரும் செய்தி. அச்செய்தியை அவர் மகளின் முகத்திலிருந்தே படித்தறிய வேண்டும். அறிந்ததைத் தம் முகத்தாலும் கைகளாலுமே திருப்பிச் சொல்ல வேண்டும். பேசும் பாத்திரங்களில் அவர் குரலுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்த பார்வை இங்கே முன்னால் வந்து நிற்கிறது. 'ஊஞ்ச'லின் வரதராஜன் காதிருந்தும் கேளாதவர். சாரதாவின் தந்தை காதில்லாமலே அனைத்தையும் கேட்டுவிடுகிறவர். இப்படத்தை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறையும், ஒலியோடு ஒருமுறையும் பார்த்தால், பிறர் நடிப்பில் நேரும் இழப்பு அவருடைய காட்சிகளில் நேராததைக் காணலாம்.