கையை அல்ல, காலைப் பாருங்கள்

1998 ஏப்ரலில் அமெரிக்கக் கால்பந்து உலகம் இரண்டு இளைஞர்களை வைத்துப் பெரிய பட்டிமன்றமே நடத்தியது. ஒருவர் டென்னஸி பல்கலைக்கழகத்தின் பெய்டன் மானிங், மற்றவர் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ரையன் லீஃப். கல்லூரியில் ஆடி முடித்தவர்களைத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் ‘டிராஃப்ட்’ ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும். முந்தைய சீசனில் கடைசியாக வந்த அணிக்கே முதல் வாய்ப்பு. அந்த வாய்ப்பில் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் மானிங்கை எடுத்தது, அடுத்து சான் டியாகோ சார்ஜர்ஸ் லீஃபை எடுத்தது. லீஃபுக்குத்தான் கைவலு அதிகம் என்று வாதிட்டவர்கள் அன்று பலர். மானிங் ஐந்து முறை லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். லீஃபின் மொத்தக் கணக்கு 25 ஆட்டங்கள், 14 டச்டவுன் பாஸ்கள். அவர் எறிந்து எதிரணி பிடித்துக்கொண்ட பந்துகள் 36. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் ஒரு கல்லூரி குவார்ட்டர்பேக்கைப் பார்த்து, “இவர் என்.எஃப்.எல்.லில் தாக்குப்பிடிப்பாரா?” என்று கேட்டுக்கொள்வது இந்த விளையாட்டின் ஆகப் பெரிய சுவாரசியம். அந்தக் கேள்விக்கு நாம் பெரும்பாலும் தவறான உறுப்பைப் பார்த்தே பதில் சொல்கிறோம். பந்தை எறிவது கைதான். ஆனால் எறிவதற்கு முந்தைய இரண்டரை, மூன்று விநாடிகளில் காலும் கண்ணும் என்ன செய்கின்றன என்பதில்தான் அவருடைய எதிர்காலம் தெரியும்.

அந்த மூன்று விநாடிகளை நெருங்கிப் பார்ப்போம். பந்து குவார்ட்டர்பேக்கின் கைக்கு வருகிறது. எதிரணியின் தடியர்கள் அவரை வீழ்த்தப் பாய்கிறார்கள். அவர்களைத் தடுக்க ஐந்து சக வீரர்கள் முன்னால் அரண்போல நிற்கிறார்கள். அந்த அரணுக்கு நடுவில் உள்ள சிறு இடத்தைத்தான் ‘பாக்கெட்’ என்கிறார்கள். பக்கவாட்டில் ஒரு தடுப்பு வீரர் தோற்கத் தொடங்குகிறார். இப்போது மூன்று வகை இளைஞர்களைக் காணலாம். ஒருவர் ஆபத்தை உணராமல் நின்று அடிபடுகிறார். இன்னொருவர் ஆபத்து வருவதற்கு முன்பே பதறி வெளியே ஓடுகிறார், பார்வை தொலைவிலிருந்து இறங்கித் தன்னைத் துரத்துபவர் மீது விழுந்துவிடுகிறது. மூன்றாமவர் அரையடி முன்னால் நகர்கிறார், அவ்வளவுதான். பாய்ந்தவர் பின்னால் கடந்து போகிறார். ஹெல்மெட் மட்டும் அசையாமல் மைதானத்தின் மறுகோடியைப் பார்த்தபடியே இருக்கிறது. பாஸ் நிறைவேறாமல் போனாலும் கவலையில்லை, அந்த மூன்றாமவரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கும் ஒரு வேலை உண்டு. இடப்பக்கம் எறியப் போவதுபோல் பார்த்துப் பின்களக் காவலரை அங்கே இழுத்துவிட்டு வலப்பக்கம் எறிபவர்கள் இருக்கிறார்கள். எறியப் போகும் திசையையே ஆரம்பத்திலிருந்து முறைத்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். தொலைக்காட்சிச் சட்டத்துக்குள் பின்களக் காவலர்கள் பெரும்பாலும் வருவதில்லை. அதனால்தான் தேர்வாளர்கள் 22 பேரும் தெரியும் தனிப் படப்பதிவைப் பார்க்கிறார்கள். நமக்கு அந்தப் பதிவு கிடைக்காவிட்டாலும், ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது வீட்டுத் திரையிலேயே தெரியும்.

கையை அளப்பது எளிது என்பதால் அதன் புகழ் கூடிவிட்டது. 2007-இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் டிராஃப்டின் முதல் வாய்ப்பைச் செலவிட்டு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் (எல்.எஸ்.யூ.) ஜமார்கஸ் ரஸலை எடுத்தபோது, அவருடைய எறிதிறன் வியப்பாகப் பேசப்பட்டது. மூன்றே சீசன்களில் அவருடைய என்.எஃப்.எல். வாழ்க்கை முடிந்துவிட்டது. மறுபக்கம், பின்னாளில் பெரும் நட்சத்திரமான மிச்சிகனின் டாம் பிரேடி. 40 யார்டு ஓட 5.28 விநாடி எடுத்துக்கொண்டவர், மெலிந்த உடல்காரர். 2000-ஆம் ஆண்டு டிராஃப்டில் 198 பேர் எடுக்கப்பட்ட பிறகே அவர் பெயர் வந்தது, அதற்குள் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போயிருந்தார்கள். அதே ஆண்டு ஜனவரி 1 அன்று ஆரஞ்ச் பௌல் ஆட்டத்தில் அலபாமாவுக்கு எதிராக இரண்டு முறை 14 புள்ளிகள் பின்தங்கியும் அணியை மீட்டு, கூடுதல் நேரத்தில் 35-34 என்று வென்றவர் அவர். பார்க்க வேண்டியது எல்லாருடைய கண்ணெதிரேயும் இருந்தது. ஸ்டாப்வாட்ச் அதைக் காட்டவில்லை.

கல்லூரிப் புள்ளிவிவரங்களை அப்படியே நம்ப முடியாததற்கு மைதானமே ஒரு காரணம். இதை விளக்குபவர்கள் குறைவு, அதனால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் பந்தை எங்கே வைத்து ஆட்டத்தைத் தொடங்குவது என்பதற்கு ‘ஹாஷ்’ எனப்படும் இரண்டு வரிசைக் கோடுகள் உண்டு. கல்லூரி மைதானத்தில் அவற்றுக்கு இடையே 40 அடி, என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். மைதானத்தின் அகலம் இரண்டிலும் 160 அடிதான். ஆகவே கல்லூரியில் பந்து ஒரு பக்க ஹாஷில் இருக்கும்போது எதிர்ப்பக்கம் 100 அடி வெட்டவெளியாகக் கிடக்கிறது. அந்த அகலத்தில் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களைப் பரப்பி நிறுத்தினால் யாராவது ஒருவர் தனியாக நிற்பார், அவரிடம் எறிந்தால் போதும். அடுத்து எல்லைக்கோடு. கல்லூரியில் ஒரு கால் உள்ளே பட்டால் பிடித்ததாகக் கணக்கு. என்.எஃப்.எல்.லில் இரண்டு காலும் பட வேண்டும். கல்லூரிகள் ஆடும் சனிக்கிழமை கைதட்டு வாங்கிய எத்தனையோ பாஸ்கள் என்.எஃப்.எல். ஆடும் ஞாயிற்றுக்கிழமை செல்லாது. அதனால் ஒரு பாஸ் நிறைவேறியதா என்பதோடு நின்றுவிடாமல், பிடித்தவர் எவ்வளவு தனியாக நின்றார் என்றும் பாருங்கள். பக்கத்தில் காவலர் ஒட்டிக்கொண்டிருக்க, ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுப் போயிருந்தால், அது எங்கும் செல்லும் பாஸ். ஹாஷிலிருந்து தொலைப்பக்க எல்லைக்கோட்டுக்கு எறியும் நீண்ட பாஸில் மட்டும் கைவலுவுக்கு உண்மையான சோதனை இருக்கிறது. கல்லூரியில் அந்தத் தொலைவு கூடுதல் என்பதால் அங்கே பந்து தொங்காமல் போய்ச் சேர்ந்தால், கையைப் பற்றிய கேள்வியை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

சூழலும் எண்களை ஊதிவிடும். எல்.எஸ்.யூ.வின் ஜோ பரோ 2018-இல் 57.8 சதவீத பாஸ்களை நிறைவேற்றி 16 டச்டவுன் எறிந்தார். மறுஆண்டு 76.3 சதவீதம், 60 டச்டவுன். இடையில் ஆட்டமுறையே மாறியிருந்தது. ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன் என்று பின்னாளில் என்.எஃப்.எல். நட்சத்திரங்களான இருவர் அவருடைய பந்துகளைப் பிடித்தார்கள். எண்களை மட்டும் பார்த்தவர்களுக்கு அவர் ஓராண்டு அதிசயமா, அசல் சரக்கா என்று குழப்பம் வந்திருக்கும். பாக்கெட்டுக்குள் அவர் நகரும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு அவ்வளவு குழப்பம் இருந்திருக்காது.

காலைப் பார்க்கச் சொல்கிறீர்களே, பின்னாளில் நட்சத்திரமான பேட்ரிக் மஹோம்ஸின் கால் எந்த இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் அவர் ஒற்றைக் காலில் சாய்ந்தும் பின்னோக்கி ஓடியபடியும் எறிந்தார். 2016-இல் ஓக்லஹோமாவுக்கு எதிராக 734 யார்டு எறிந்தும் 66-59 என்று தோற்றார், அந்த சீசனில் அணி வென்றவை ஐந்து, தோற்றவை ஏழு. ஆனால் நான் காலைப் பார்க்கச் சொல்வது அழகுக்காக அல்ல. கால் ஓடத் தொடங்கிய பிறகும் கண் தன் வேலையைத் தொடர்கிறதா என்று அறியத்தான். மஹோம்ஸிடம் அது அறுபடவே இல்லை. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அதைக் கண்டுகொண்டு, 27-ஆம் இடத்திலிருந்து 10-ஆம் இடத்துக்கு ஏற விலை கொடுத்து 2017-இல் அவரை எடுத்தது. அந்த டிராஃப்டில் அவருக்கு முன்னால் இரண்டாவதாகப் போன மிட்செல் டிருபிஸ்கி கல்லூரியில் 13 ஆட்டங்களே தொடக்க வீரராக ஆடியிருந்தார். ஒருவருடைய பதற்றத்தையும் நிதானத்தையும் அறிய அத்தனை குறைவான ஆட்டங்கள் போதா.

இதைவிட வலுவான மறுப்பு ஜோஷ் ஆலன். வயோமிங்கில் 56 சதவீதம்தான் நிறைவேற்றியவர், என்.எஃப்.எல்.லில் முதல் ஆண்டு 52.8. கைவலுவை நம்பி பஃபலோ அணி அவரை எடுத்ததைப் பிழை என்று சொன்னவர்கள் உண்டு. 2020-இல் அவருடைய விகிதம் 69.2. கையை நம்பியவர்களே ஜெயித்தார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் முன்னேறிய வழியைக் கவனியுங்கள். கைவலு முதல் நாளே இருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இடுப்பும் காலும் சேர்ந்து இயங்கும் விதத்தைத்தான் உழைத்துச் சீராக்கினார். அப்படி மாற முடிந்தவர்கள் மிகக் குறைவு. ஆலனை உதாரணம் காட்டி அடுத்தடுத்து எடுக்கப்படும் வலுக்கைக்காரர்கள் எல்லாரும் ஆலன் ஆகிவிடுவதில்லை.

போய்ச் சேரும் இடமும் பாதி விதியை எழுதுகிறது. இதை மறுக்க என்னால் ஆகாது. 2018-இல் மூன்றாவதாக எடுக்கப்பட்ட சாம் டார்னல்ட், நியூயார்க் ஜெட்ஸில் தடுமாறி, பல அணிகள் மாறி, 2024-இல் மின்னசோட்டா அணியை 14 வெற்றிகளுக்கு அழைத்துச் சென்றார். 2022 டிராஃப்டின் கடைசி ஆளாக, 262-ஆவதாகப் போன அயோவா ஸ்டேட்டின் பிராக் பர்டி, நல்ல அணியில் சேர்ந்து இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வரை போனார். கல்லூரி ஆட்டத்தை வைத்து நாம் கணிப்பது ஆட்டக்காரரை, அவர் சேரப்போகும் அணியை அல்ல. டார்னல்டைப் பற்றி ஐந்து ஆண்டுகளில் தீர்ப்பு எழுதியவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை ஒரு கல்லூரி ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால், ஒரு கால்மணி ஆட்டத்துக்காவது பந்தின் பின்னால் போகாதீர்கள். எறிந்த பிறகு பந்து எங்கே விழுந்தது என்பதை அறிவிப்பாளர் சொல்லிவிடுவார். நீங்கள் குவார்ட்டர்பேக்கின் பாதங்களையும் ஹெல்மெட்டையும் மட்டும் பாருங்கள். மூன்றாவது முயற்சியில் எட்டு யார்டு தேவைப்பட்டு, எதிரணி ஆறு பேரை அவர்மேல் ஏவும் தருணத்தில், கண்ணிமைக்காமல் பாருங்கள்.