எச்பிஎல்சி தாள் சொல்வதும் சொல்லாததும்

இலங்கையின் நக்கிள்ஸ் மலையடிவாரத்து லக்கலையில் ஓர் இளம்பெண் சோர்வென்று கிளினிக்குக்குப் போனால் பெரும்பாலும் இரும்புச்சத்து மாத்திரையோடுதான் திரும்புவாள். சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருப்பது இரும்புக் குறைபாட்டிலும் உண்டு, பீட்டா தலசீமியா என்னும் பரம்பரைக் குருதிநோயின் மரபணுவைச் சுமக்கும் காவிகளிடமும் உண்டு. இலங்கையில் சராசரியாக 2.2 சதவீதத்தினர் காவிகள் என்று 2000ஆம் ஆண்டு லான்செட் இதழில் வந்த ஆய்வு கணித்தது. காவி நலமாகவே வாழ்வார். காவிகள் இருவர் மணந்தால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்த எச்பிஎல்சி (உயர்திறன் திரவ நிறப்பிரிகை) பரிசோதனை மெச்சத்தக்கது. சிறிதளவு குருதியில், சில நிமிடங்களில், ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளந்துவிடும். அவற்றுள் ஏ2 என்னும் வகையின் அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் காவிதான். பழைய கார மின்புல நகர்ச்சி முறையில் ஒரே பட்டையாக ஓடும் எஸ், டி வகைகளும் இதில் தனித்தனியே தெரியும்.

ஆனால் அந்தத் தாளை மட்டும் நம்புவது ஆபத்து. இரும்புக் குறைபாடு ஏ2 அளவைக் கீழே இழுப்பதால், எல்லையில் நிற்கும் காவி ‘இயல்பானவர்’ ஆகிவிடுவார். ஆல்பா தலசீமியா காவி பெரும்பாலும் இதில் அகப்படவே மாட்டார். ஈமோகுளோபின் ஈ என்னும் மாற்றுவகை, ஏ2 வரும் இடத்திலேயே வந்து நிற்கும். தாளில் ஏ2 25 சதவீதம் என்று கண்டால், அது பெரும்பாலும் ஈ.

சிக்கல் முற்றுவது இங்கேதான். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஈ பெற்ற குழந்தைக்கும், ஒருவரிடமிருந்து ஈயும் மற்றவரிடமிருந்து கடும் பீட்டா தலசீமியாவும் பெற்ற குழந்தைக்கும் இயல்பான ஈமோகுளோபின் ஏ இராது. முன்னவருக்குச் சிகிச்சையே தேவைப்படாது. பின்னவருக்கு வாழ்நாள் முழுதும் குருதி ஏற்ற நேரலாம். கரு ஈமோகுளோபினான எஃப் மிகுந்திருந்தால் பின்னதை ஐயுறலாம். குருதி ஏற்றிய பிறகு மாதிரி எடுத்தாலோ, கொடையாளியின் ஏ கலந்து அந்தத் தடயமும் மங்கிவிடும். அப்போது கைகொடுப்பது பெற்றோரின் குருதி. அதை ஏன் முதலிலேயே கேட்பதில்லை என்பதே என் மனக்குறை. மரபணுப் பரிசோதனை இன்னும் உறுதியானது. எனினும் நோயின் கடுமையை அதுவும் முழுதாகச் சொல்லாது. இலங்கையில் ஈ-பீட்டா தலசீமியா உள்ள 109 பேரை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வில், சிலர் குருதி ஏற்றாமலே வாழ்ந்தார்கள், சிலர் கடும் நோயுற்றார்கள். குருதி ஏற்றத் தொடங்குவதைக் குழந்தையின் வளர்ச்சியையும் மண்ணீரலையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

கருவில் நோய் தெரியவந்தாலும், இலங்கைச் சட்டம் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. ஆகவே திருமணத்துக்கு முந்திய பரிசோதனையே பெருஞ்சுமையைத் தாங்குகிறது. இந்தப் பரிசோதனை நடக்கும் குருநாகல் தலசீமியா நிலையம் லக்கலைக்கு மாத்தளையைத் தாண்டிய தூரம். அவ்வளவு தொலைவு போகும் குருதி அரைகுறை விடையோடு திரும்பக் கூடாது. ஆய்வுகூடங்கள் ‘இயல்பு’ என்று எழுதுமுன் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்கட்டும். மணம் பேசும் இருவரும் தங்கள் முடிவுகளை ஒரே வைத்தியரிடம் சேர்த்துக் காட்டட்டும்.